பாடநூல் பிழையும் ஒரு சோதனையும்

பெரிய கல்லையும் சிறிய கல்லையும் ஒரே உயரத்திலிருந்து ஒருசேர விட்டால், எது முதலில் தரையைத் தொடும்? ஆண்டுதோறும் என் இயற்பியல் வகுப்பில் இதைக் கேட்கிறேன். "பெரிய கல்தான்" என்பார்கள் பலர். யாரும் அவர்களுக்கு அப்படிக் கற்பிக்கவில்லை. வளரும்போதே மனத்தில் ஒட்டிக்கொண்ட எண்ணம் அது. கல்லை விட்டுக் காட்டினால்தான் மாறும்.

மனிதரைப் பற்றிய எண்ணங்களும் இவ்வாறே ஒட்டிக்கொள்கின்றன. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் காதல் கொள்வதைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். 1950-களில் அமெரிக்காவில் ஆண்களிடையே அவ்வுறவு குற்றம். மருத்துவ நூல்களோ அதை மனநோய் என்றன. இதற்கு ஆதாரம் என்ன? பெரும்பாலும் சிறையிலும் மருத்துவமனையிலும் இருந்தவர்களையே ஆராய்ந்து அவ்வாறு எழுதினார்கள். காய்ச்சல் வார்டில் மட்டும் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, ஊருக்கே காய்ச்சல் என்று சொல்லலாமா?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உளவியல் கற்பித்தவர் ஈவ்லின் ஹூக்கர். 1940-களில் அவரிடம் பயின்ற மாணவர் ஒருவர் அவருக்கு நண்பரானார். தாம் தன்பாலீர்ப்பு உடையவர் என்பதை வெளிப்படுத்திய அவர், தம்மைப் போன்றவர்களை ஆராயுமாறு ஹூக்கரை வற்புறுத்தினார்.

ஹூக்கர் ஆராயத் துணிந்தார். தன்பாலீர்ப்பு உடைய ஆண்கள் 30 பேர், மற்ற ஆண்கள் 30 பேர். இரு குழுவினரும் வயதிலும் கல்வியிலும் அறிவுத்திறனிலும் ஒத்தவர்கள். மைக்கறைகளைக் காட்டி, 'இது என்னவாகத் தெரிகிறது?' என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனை உள்ளிட்ட 3 சோதனைகளை அனைவருக்கும் நடத்தினார். விடைகளை, இன்னார் எக்குழு என்று அறிவிக்காமல், தேர்ந்த வல்லுநர்களிடம் கொடுத்தார். அவர்களால் இரு குழுக்களையும் பிரித்தறிய முடியவில்லை! மனநலத்திலும் வேறுபாடு காணவில்லை.

1957-இல் இம்முடிவு அச்சேறியது. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1990-இல் உலக சுகாதார நிறுவனமும் நீக்கியது.

ஆயினும் பாடநூல்கள் எளிதில் மாறவில்லை. 2018-இல் நம் உச்ச நீதிமன்றம் இவ்வுறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. 2021-இல், பெற்றோர் எதிர்த்த நிலையில், இணைந்து வாழ விரும்பிய இரு பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரினர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இப்பொருளில் தமக்குப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாகவே கூறினார். உளவியலாளர் ஒருவரிடம் மாணவரைப் போல் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே ஆணை பிறப்பித்தார். தன்பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்கும் அவர் தடை விதித்தார். அவ்வாண்டு அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம், இத்தகையோரை இழிவுபடுத்தும் பகுதிகளைத் திருத்துமாறு மருத்துவப் பாடநூல் ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தியது.

வாசகர்களே, ஹூக்கரின் மாணவரைப் போன்ற ஒருவர் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். ஆசிரியரை நம்பியதால் அவர் வாய் திறந்தார். அதனால் அறிவியலின் பிழை ஒன்று திருந்தியது. உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் உங்களை நம்பிப் பேச முடியுமா? இதற்கு விடை உங்களிடம்தான் இருக்கிறது.