தலைச்சுமையில் புறப்பட்ட சஃபாரி

கென்யாவின் மாசாய் மாராவைக் காண முதன்முறை ஆயத்தமாகும் இந்தியப் பயணியின் கைக்கு இன்று ஒரு பட்டியல் வந்து சேர்கிறது. மலேரியாத் தடுப்பு மாத்திரை, கொசுவிரட்டி, தொலைநோக்கி, மண்ணிறத்தில் மெல்லிய முழுக்கை உடைகள். கருநீலமும் கறுப்பும் வேண்டா. அவை செட்சி ஈக்களை ஈர்க்கும். சிறு விமானத்தில் ஏறுவதாயின் சக்கரமற்ற மென்பை, பெரும்பாலும் 15 கிலோவுக்கு மிகாமல். எல்லாவற்றுக்கும் முன்பாக, அரசு அங்கீகரித்த மையமொன்றில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ஊசி போட்டுக்கொண்ட பத்தாம் நாள் முதலே அச்சான்றிதழ் செல்லும். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. அதைப் பரப்பவல்ல கொசு இங்கே நிறைய உண்டு. ஆகவே கென்யாவிலிருந்து சான்றிதழின்றித் திரும்புபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்த இந்திய அரசின் விதி இடமளிக்கிறது. போகும்போது அன்றி, வரும்போதுதான் இந்த ஏட்டின் அருமை பலருக்குத் தெரிகிறது.

இத்தகைய ஆயத்தப் பட்டியல்களுக்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. பொதுவாக அவ்வரலாறு துப்பாக்கி ஏந்திய ஐரோப்பியரின் வீரக்கதையாகவே சொல்லப்படுகிறது. மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தாலோ, உள்ளே இந்தியச் சரக்கும் இந்தியச் சொற்களும் கிடக்கின்றன. மூட்டைக்கு அடியில் ஆப்பிரிக்கத் தலைகள் இருக்கின்றன.

'சஃபாரி' என்பது பயணத்தைக் குறிக்கும் சுவாஹிலிச் சொல். அரபு மூலத்திலிருந்து வந்தது. இந்தியிலும் உருதுவிலும் வழங்கும் 'சஃபர்' அதன் உடன்பிறப்பு. விலங்குகளுக்கும் அச்சொல்லுக்கும் தொடக்கத்தில் தொடர்பில்லை. தந்தத்தைக் கடற்கரைக்கும் துணியை உள்நாட்டுக்கும் கொண்டுசென்ற வணிகக் கூட்டத்தின் நெடும்பயணமே சஃபாரி. நியாம்வேசி மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இத்தொழிலில் தேர்ந்தவர்கள். கூலி பேசினர், சுமையின் எடையைக் குறித்து வாதிட்டனர், நடத்தை பிடிக்காவிடில் பாதி வழியில் சுமையை இறக்கிவிட்டுப் போயினர். ஐரோப்பியர் எழுதிய நூல்கள் இதனைச் சோம்பல் என்றும் துரோகம் என்றும் பழித்தன. தொழிலாளர் வரலாற்றின் கண்கொண்டு பார்த்தால் இது வேலைநிறுத்தம் அன்றி வேறன்று.

1871 ஜனவரியில் லிவிங்ஸ்டனைத் தேடி ஸான்ஸிபாரில் வந்திறங்கிய ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லிக்கு மத்திய ஆப்பிரிக்கப் பயணம் அதுவே முதல். எவ்வளவு துணி, எத்தனை மணி, எவ்வளவு கம்பி என்பது அவருக்குத் தெரியாது. நாணயம் செல்லாத நிலப்பரப்பில் இவைதாம் பணம். வெள்ளை மணியை ஏற்கும் ஊர் சிவப்பு மணியை ஏற்காது. தவறாக வாங்கியவர் செல்லாக்காசைச் சுமந்தவராவார். அவர் 11 வகை மணிகளை 22 மூட்டைகளாகக் கட்டினார். துணியில் அமெரிக்காவிலிருந்து வந்த 'மெரிகானி'யும் இந்தியாவிலிருந்து வந்த கருநீலக் 'கனிகி'யும் இடம்பெற்றன. மொத்தச் சரக்கு ஆறு டன்னை எட்டியது.

இச்சந்தையை நடத்தியவர்களுள் கட்சு வணிகர்கள் முதன்மையானவர்கள். ஸான்ஸிபாரின் பெருவணிகர் தாரியா தோபனை ஸ்டான்லியே தம் நூலில் பாராட்டியிருக்கிறார். எதிர்க்கரையிலிருந்த பாகமோயோவில் சேவா ஹாஜி பாரூ, பொருளை மட்டுமன்றிச் சுமையாட்களையும் ஒப்பந்தத்தில் திரட்டித் தந்தார். ஐரோப்பியரின் 'கண்டுபிடிப்பு'ப் பயணங்களுக்குக் கடனும் சரக்கும் ஆளும் கொடுத்தவை இக்கடைகள். நிலப்படங்களில் அவற்றின் பெயர் பொறிக்கப்படவில்லை.

உடைக்கும் இதே கதை. காக்கி என்பது புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து உருது வழியே வந்தது. 1840களின் இறுதியில் பெஷாவர்ப் பகுதியில் கைட்ஸ் படைக்கு ஏற்பட்ட சீருடை நிறம் அது. பின்னர்ப் பேரரசு முழுதும் பரவி ஆப்பிரிக்கப் புல்வெளிக்கும் சென்றது. தலையில் அணிந்த 'சோலா' தொப்பி, சோலா எனப்படும் நீர்ச்செடியின் தண்டால் ஆனது. தஞ்சைக் கைவினைஞர் பொம்மையும் மாலையும் செய்யும் நெட்டி இதுவே. வெப்பமண்டல வெயில் வெள்ளையரின் மூளையையும் முதுகெலும்பையும் தாக்கும் என்ற அச்சத்தால், தொப்பியோடு முதுகுக்குத் தனிப் பஞ்சுப்பட்டையும் கட்டிக்கொண்டனர். உண்மையில் அவர்களை வீழ்த்தியது பெரும்பாலும் மலேரியா. அதைக் கொசுவோடு தொடர்புபடுத்தும் சான்றை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில்தான் கண்டார். (காக்கி இந்தியாவிலிருந்து போயிற்று, 1970களில் 'சஃபாரி சூட்' ஆகி இந்திய அலுவலகங்களுக்கே திரும்பி வந்தது.)

1896இல் மொம்பாசாவில் தொடங்கிய உகாண்டா ரயில் பாதை சஃபாரியின் இயல்பையே மாற்றியது. ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர் அதற்காகக் கொண்டுவரப்பட்டனர்; 2,500 பேர் வரை மாண்டனர். 1898இல் சாவோவில் இரு சிங்கங்கள் அடித்துக்கொன்றவர்களுள் இந்தியர் மட்டும் 28 பேர் என்பது கணக்கு. கொல்லப்பட்ட ஆப்பிரிக்கருக்கு முழுமையான கணக்கே வைக்கப்படவில்லை. சிங்கங்களைச் சுட்ட பேட்டர்சனின் நூல் 1907இல் வெளியாகி, வேட்டை ஆசையுள்ள செல்வர் பலரை அதே ரயிலில் ஏற்றிவிட்டது. 1899இல் இருப்புப்பாதை எட்டிய சதுப்புநிலம் நைரோபி நகரமானது. பயணிக்கு வேண்டிய கூடாரம், உணவு, வழிகாட்டி, சுமையாள் அனைத்தையும் ஏற்பாடு செய்யும் நியூலாண்ட் அண்ட் டார்ல்டன் போன்ற நிறுவனங்கள் அங்கே எழுந்தன. முன்பணம் கட்டினால் பயணம் தயார். சுமையாளரின் ஊதியம் ரூபாயில் அளக்கப்பட்டது. 1920 வரை அங்கே வழங்கிய நாணயம் ரூபாயே.

இம்முறையின் உச்சம் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பயணம். 1909 மார்ச் 4இல் அமெரிக்க அதிபர் பதவியை விட்டவர், அம்மாதம் 23ஆம் நாளே கப்பலேறினார். ஆயத்தமோ பதவியிலிருக்கும்போதே தொடங்கிவிட்டது. செலூஸ், பக்ஸ்டன் ஆகிய அனுபவசாலிகளுக்குக் கடிதம் எழுதி ஆலோசனை கேட்டார். ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக மாதிரிகள் சேகரிப்பது என்று ஏற்பாடாகி, மூன்று இயற்கையியலாளர் உடன் சென்றனர். தோல்களைப் பதப்படுத்த நான்கு டன் உப்பு. தம் நாட்டுச் சுவைக்காக பாஸ்டன் அவரை, கலிபோர்னியாப் பீச் பழம், தக்காளி ஆகியவற்றின் டப்பாக்கள்.

ஏப்ரலில் கபிட்டி சமவெளி ரயில் நிலையத்தில் அவர் இறங்கியபோது, இருநூறுக்கும் மேற்பட்ட சுமையாளர் காத்திருந்தனர். ஒரு தலைச்சுமை என்பது ஏறத்தாழ 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. பயணத்தின் பொருள் யாவும் இந்த அலகுக்கே அடங்கியாக வேண்டும். நான்கு டன் உப்பைத் தலைச்சுமையாகக் கணக்கிட்டால் 130 பேருக்கு மேல் தேவை. ரூஸ்வெல்ட்டின் சகோதரி அளித்த நூலகமும் இவ்வளவுக்கு அடங்கியதே. ஏறத்தாழ அறுபது நூல்கள், வியர்வையும் இரத்தமும் பட்டாலும் கெடாதவாறு பன்றித்தோல் கட்டமைப்பில், அலுமினியப் பெட்டிக்குள், 60 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக. ஒரு மனிதர் ஒரு நூலகத்தைத் தலையில் சுமந்து நடந்தார்.

அப்பயணத்தில் தந்தையும் மகனும் சுட்ட விலங்குகள் 512. ரூஸ்வெல்ட்டின் நூலில் இவை இனவாரியாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. துப்பாக்கி தாங்கியோர், கூடாரப் பணியாளர் சிலரின் பெயர்களும் உள்ளன. அவர் நியாயமாகவே அவர்களைப் புகழ்கிறார். குதிரை பேணுவோரை அந்நூல் 'சாயிஸ்' என்றழைப்பது இன்னொரு இந்தியத் தடயம். சுமையாளர் பெரும்பாலோர் பெயரற்ற கூட்டமாகவே நிற்கின்றனர். நூல்களின் பெயர்ப் பட்டியல் கிடைக்கிறது. அவற்றைச் சுமந்தோரின் பட்டியல் கிடைப்பதில்லை.

மோட்டார் வண்டி வந்தபின் 60 பவுண்டு அலகுக்கு வேலை இல்லாமற்போயிற்று. துப்பாக்கியின் இடத்தைப் படக்கருவி சிறிது சிறிதாகப் பிடித்தது. 1977இல் கென்யா வேட்டையையே தடை செய்தது. ஆயினும் சுமையாளர் காலத்தின் கடைசி அத்தியாயம் மோட்டாரால் எழுதப்பட்டதன்று. 1914இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போர் வந்தபோது, சாலையற்ற, செட்சி ஈ மாட்டையும் குதிரையையும் கொல்லும் நிலத்தில், படைகளுக்கு உணவும் குண்டும் கொண்டுசெல்லத் தலைச்சுமை தவிர வழியில்லை. வேட்டைப் பயணத்துக்குப் பழகிய அதே முறை படைக்கு எடுத்தாளப்பட்டது; ஆனால் இம்முறை கூலி பேசவோ சுமையை இறக்கிவிட்டுப் போகவோ உரிமை இல்லை. வலுக்கட்டாயமாகப் பல லட்சம் பேர் பிடிக்கப்பட்டனர். பிரித்தானியத் தரப்பில் மட்டும் 90,000க்கும் மேற்பட்ட சுமையாளர், பெரும்பாலும் நோயாலும் பட்டினியாலும், இறந்தனர் என மதிப்பிடப்படுகிறது.

அவர்களது படைப்பிரிவுக்கு ஆங்கிலத்தில் 'கேரியர் கோர்' என்று பெயர். அவர்கள் தங்கவைக்கப்பட்ட இடங்கள் சுவாஹிலி நாவில் தாருஸ்ஸலாமில் காரியாகோ என்றும், நைரோபியில் காரியோகோர் என்றும் ஆயின. இரண்டும் இன்று பெயர்பெற்ற சந்தைகள். காரியோகோரில் கியோண்டோ கூடைகள் விற்கின்றன. சஃபாரி முடித்து ஊர் திரும்புவோர் அவற்றைப் பேரம் பேசி வாங்கிச் செல்கின்றனர்.