தரங்கம்பாடிச் செடியும் பேராக் ஓடைகளும்

தரங்கம்பாடி என்றவுடன் டேனியர் கோட்டையும் சீகன்பால்குவின் அச்சுக்கூடமும் நினைவுக்கு வரும். அவ்வூரில் தங்கிய மேனாட்டார் சிலர் செடிகொடிகளையும் ஆழ்ந்து ஆராய்ந்தனர் என்பது தமிழ் மாணவரிடையே அவ்வளவாகப் பரவாத செய்தி. தமிழ் ஆங்கில அகராதி தொகுத்த ரோட்லர் பாதிரியார் அவருள் ஒருவர். அவருக்கு முன்னரே அப்பணியைத் தொடங்கி வைத்தவர் கேனிக் என்னும் மருத்துவர். சுவீடன் நாட்டு லின்னேயசிடம் பாடங்கேட்ட இவர், 1768ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். சோழமண்டலக் கரையின் வயல்களிலும் வாய்க்கால்களிலும் தாம் கண்ட செடிகளை உலர்த்தி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பி வந்தார்.

அவ்வாறு சென்றவற்றுள் ஒன்று ஈரநிலத்தில் வளரும் ஒரு சிறு செடி. இலை புல்லைப்போல் நீண்டது. பூவை மூடும் பாளையோ முறுக்கிய கயிறு போலத் திருகியது. லுண்டு நகரப் பேராசிரியர் ரெட்சியசு 1779இல் அதற்கு ‘ஆரம் ஸ்பைரேல்’ என்று பெயர் சூட்டினார். ‘திருகு சேம்பு’ என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். தமிழ் மருத்துவர்க்கு அச்செடி புதியதன்று. இமயமலைச் சாரலில் விளையும் அதிவிடயம் என்னும் மருந்துக்கு மாற்றாக இதன் கிழங்கைக் கொண்டு, ‘நாட்டு அதிவிடயம்’ என அவர்கள் வழங்கினர். மேனாட்டார் பூவின் வடிவங்கண்டு பெயரிட, நம்மவர் பயன்கண்டு பெயரிட்டனர்.

இச்செடியின் இனத்தைச் சேர்ந்தவை வங்கக் கடலுக்கு அப்பாலும் வாழ்கின்றன. தமிழர் பல்லாயிரவர் சென்று பால்மரம் சீவிய பேராக் மாநிலத்தின் காட்டோடைகள் அவற்றின் உறைவிடங்களுள் சில. தரங்கம்பாடியில் தொடங்கிய ஒரு வகைப்பாட்டின் வரலாறு பேராக்கில் எவ்வாறு விரிந்தது என்பதும், அவ்வோடைகளுக்கு நேர்ந்தது என்ன என்பதும் அறியத்தக்கவை.

செடிகளை வகுத்துக் காணும் நெறி தமிழுக்கு அயலானதன்று. புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கும். திணைக் கோட்பாடோ பூவை அது பூக்கும் நிலத்தோடு சேர்த்தே நோக்கும். லின்னேயசின் நெறி இவற்றின் வேறானது. பூவின் உறுப்புகளை எண்ணி இனத்தை அறுதியிடுவது அது. அந்நெறி நின்றோர்க்கு இச்செடி பெருந்தொல்லையாயிற்று. ரெட்சியசு இதனை ஆரம் என்னும் பேரினத்தில் வைத்தார். ராக்சுபரோ இதன் உறவுச் செடிகள் இரண்டை அம்புரோசினியா என்னும் வேறொரு பேரினத்தில் சேர்த்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தாவரத் தோட்டத் தலைவர் ஃபிஷர் கிரிப்டோகோரைன் எனப் புதுப்பெயர் ஒன்றை அமைக்க, 1830இல் விட்லர் என்பார் அதனை முறைப்படி வெளியிட்டார். ‘மறைந்த தண்டாயுதம்’ என்பது அக்கிரேக்கச் சொற்றொடரின் பொருள்.

அப்பெயர் மிகவும் பொருந்துவதே. சேம்பின் குடும்பத்துக்கே உரிய பூத்தண்டு இதில் வெளியே தோன்றுவதில்லை. பாளையின் அடிப்பகுதி சிறு குடம்போலப் பருத்து, அதனைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. குடத்தின் மேல் நீண்ட குழல். குழலின் உச்சியில் நீருக்கு மேலே விரியும் வண்ண மடல். நீர் ஆழமாயின் குழலும் நீளும். மணத்தால் ஈர்க்கப்படும் சிறு பூச்சி குழல் வழியே இறங்கிக் குடத்துள் சிறைப்படும். கீழே வட்டமாக அமைந்த பெண்பூக்களில் மகரந்தத்தைச் சேர்த்தபின், மேலுள்ள ஆண்பூக்களின் மகரந்தத்தைச் சுமந்து அது வெளியேறும். பெண்பூக்களின் சூலகங்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பது இப்பேரினத்தின் தலையாய அடையாளம். இலங்கையிலும் இந்தியாவிலும் காணப்படும் லாகனாண்டிரா என்னும் உடன்பிறப்புப் பேரினத்தில் அவை இணையாமல் தனித்தனியே நிற்கும். இச்சிறு வேறுபாட்டைக் கொண்டே 1852இல் டால்செல் அதனைத் தனியே பிரித்தார்.

பேரினத்தை இனங்காண்பது இவ்வாறு எளிதாயினும், சிற்றினங்களைப் பிரிப்பது எளிதன்று. ஒரே செடி நீருள் மூழ்கியிருக்கும்போது ஓர் இலை வடிவும், கரையில் நிற்கும்போது வேறொரு வடிவும் கொள்ளும். உலர்ந்த இலையை மட்டும் கண்டு பெயரிட்ட அறிஞர் பலர் ஒன்றைப் பலவாக எண்ணினர். பலவற்றை ஒன்றாக மயங்கினர். இருபதாம் நூற்றாண்டில் ஆலந்து நாட்டுத் தெ விட், பின்னர் டென்மார்க்கின் நீல்ஸ் யாக்கப்சன் ஆகியோரின் உழைப்பால் இம்மயக்கம் பெரிதும் தீர்ந்தது. யாக்கப்சன் செடிகளை அவை வாழும் ஓடைகளிலேயே கண்டு ஆராய்ந்தார்; குரோமோசோம் எண்ணிக்கையையும் துணைக்கொண்டார். பூவின் உறுப்போடு நிலத்தையும் சேர்த்து நோக்கிய பின்னரே முடிச்சு அவிழ்ந்தது என்பது திணை மரபில் பழகியவர்க்கு வியப்பாக இராது.

இன்று அறுபதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் ஏற்கப்பட்டுள்ளன. அவை யாவும் ஆசியாவின் வெப்ப நிலத்தையும் அதனையடுத்த தீவுகளையுமே தாயகமாகக் கொண்டவை. மேற்கே இந்தியாவும் இலங்கையும், வடகிழக்கே தென்சீனம், கிழக்கே பிலிப்பீன்சும் நியூகினியும் எல்லைகள். போர்னியோத் தீவே இவை மிகுதியாகச் செழித்த நிலம். ஆப்பிரிக்காவிலோ அமெரிக்காவிலோ இயற்கையாக ஒன்றேனும் இல்லை. அல்லியின் பேரினம் உலகின் கண்டங்கள் பலவற்றிலும் பரவியிருக்க, இது மட்டும் இவ்வளவில் நின்றது ஏன்? விதை நெடுந்தொலைவு செல்வதில்லை. நிலத்தடித் தண்டு படர்ந்து பெருகுவதே இச்செடிகளின் பெருவழக்கு. ஆகவே ஒவ்வொரு சிற்றினமும் ஓர் ஆற்றுக்கோ சில ஆறுகளுக்கோ உரியதாகி விடுகிறது. சிலியாட்டா என்னும் ஒன்று விதிவிலக்கு. உவர்நீரைப் பொறுத்துக்கொள்ளும் அது, கடலலை ஏறியிறங்கும் கழிமுகங்களில் இந்தியா முதல் நியூகினி வரை பரவியுள்ளது. நெய்தல் நிலத்துச் செடி என அதனைக் கூறினும் பொருந்தும்.

பேராக்கின் செடிகள் அறிவியலுக்கு அறிமுகமானது பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில். 1874இல் பங்கோர் உடன்படிக்கை ஏற்பட்டது. 1883இல் தைப்பிங்கில் அருங்காட்சியகம் அமைந்தது. கல்கத்தா தாவரத் தோட்டத் தலைவர் ஜார்ஜ் கிங்கின் பொருட்டுக் குன்ஸ்ட்லர் என்பார் லாருட், கோப்பேங் பகுதிக் காடுகளில் அப்பத்தாண்டில் செடிகளைத் திரட்டினார். ஸ்கோர்டெச்சினி பாதிரியாரும் அதே காலத்தில் பேராக்கில் திரட்டினார். இத்தகைய தொகுப்புகள், பிரிட்டிஷ் இந்தியாவின் செடிகளைப் பற்றிய ஹூக்கரின் பெருநூலில் மலாயாப் பகுதிக்குப் பெருந்துணையாயின. 1893இல் வந்த அதன் பகுதியில் அஃபினிஸ், எலிப்டிகா என்னும் இரு கிரிப்டோகோரைன் சிற்றினங்கள் முதன்முதலாக விளக்கம் பெற்றன. எலிப்டிகா தீபகற்பத்தின் வடமேற்கு மூலைக்கே உரியது. பேராக் அதன் தாயகங்களுள் ஒன்று.

அடுத்து வருபவர் ரிட்லி. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத் தலைவராக 1888இல் பொறுப்பேற்ற இவர், மலாயாவின் செடிகளை ஐந்து தொகுதிகளில் எழுதி முடித்தவர். மினிமா என்னும் மிகச் சிறிய கிரிப்டோகோரைனை 1910ஆம் ஆண்டளவில் இவரே விளக்கிப் பெயரிட்டார். பேராக் ஓடைகளில் அது இன்றும் உண்டு. ஆனால் மலாயா நாட்டு மக்கள் இவரை அறிந்தது வேறொரு காரணத்தால். ரப்பர் மரத்தைச் சாகாமல் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டவரும், தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் விதைகளை வலிந்து கொடுத்து நடச் செய்தவரும் இவரே. பேராக்கின் கோலகங்சாரில் 1877இல் ஹியூ லோ நட்ட சில கன்றுகள் ஒரு நாட்டின் பொருளியலாக மாறியதில் ரிட்லியின் பங்கு பெரிது.

1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. காடுகள் விரைந்து அழிந்தன. மினிமா பெயர் பெற்றதும், அதன் நிழல் வெட்டுண்டதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. ஒரு கையால் செடிக்குப் பெயரிட்ட அறிஞர் மறு கையால் அதன் காட்டைப் பால்மரத்துக்கு வழங்கினார் என்றால் மிகையாகாது. அவரைக் குறைகூறுவது எளிது. அக்காலத்தார்க்குக் காடு முடிவற்றதாகவே தோன்றியது.

அந்நிலத்தைத் திருத்தியவருள் தமிழரும் இருந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தாலும் கங்காணி முறை 1938வரை தொடர்ந்தது. தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தோர் நிரை பிடித்து மரம் சீவினர், லயங்களில் குடியிருந்தனர். நாட்டு அதிவிடயத்தை அறிந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் அதன் இனச்செடிகள் வாழ்ந்த நிலத்தில் பணிசெய்தனர். நிழலை விரும்பும் இச்செடிகளுக்கு மரம் வெட்டுண்ட ஓடை ஏற்ற இடமன்று. வெயில் நேரே விழும். மழைக்கு மண் கரைந்து நீர் கலங்கும்.

கிந்தா பள்ளத்தாக்கில் மற்றொரு இடர். ஈப்போவைச் செல்வ நகராக்கிய வெள்ளீயத் தொழில், நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்தே நடந்தது. கழிவு மணல் ஆறுகளில் படிந்தது, ஓடைகள் திசைமாறின. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்ட மாபெரும் தூர்வாரி 1982வரை நிலத்தை அகழ்ந்தது. 1985இல் வெள்ளீயச் சந்தை வீழ்ந்தபின் எஞ்சியவை குட்டைகளே. அக்குட்டைகளில் தாமரையும் ஆகாயத்தாமரையும் செழிக்கலாம். ஓடும் நீரும் நிழலும் வேண்டும் கிரிப்டோகோரைனுக்கு அவை வீடாகா. ரப்பர்த் தோட்டங்களுள் பலவும் பின்னர்ச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்தன.

காட்டில் இடமிழந்த இப்பேரினம் கண்ணாடித் தொட்டிகளில் உலகைச் சுற்றி வந்தது ஒரு விந்தை. அஃபினிஸ், ஐரோப்பாவில் ஹேர்டெலியானா என்ற வேற்றுப்பெயரில் நெடுங்காலம் விற்பனையாயிற்று. தொட்டி நீர் சற்று மாறினும் அதன் இலைகள் ஓரிரு நாளில் கூழாகிவிடும் என்று வளர்ப்போர் வருந்துவர். இலங்கைக்கே உரிய பெக்கெட்டி, அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்துச் சான் மார்க்கோஸ் ஆற்றில் களையாகப் பரவி, அங்குள்ளோர் அதனைப் பிடுங்கியெறிய நேர்ந்தது. ஓரிடத்தில் அருஞ்செடி, மற்றோரிடத்தில் களை.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக அறிஞர்கள், யாக்கப்சனுடன் இணைந்து தீபகற்ப மலேசியாவின் கிரிப்டோகோரைன்களை 2009இல் தனி நூலாக வெளியிட்டனர். பேராக்கில் இச்செடியைத் தேடுவோர் காட்டு நிழலில் ஓடும் தெளிந்த சிற்றோடையை முதலில் நாட வேண்டும். இலை கண்டு பெயர் துணிதல் கூடாது. நீர் வற்றிய நாளில் பாளை தோன்றும்வரை பொறுத்து, குழலையும் மடலின் நிறத்தையும் குடத்தின் உள்ளமைப்பையும் நோக்கியே எலிப்டிகாவா மினிமாவா எனக் கூறவியலும். இவ்விரண்டிற்கும் தமிழில் இன்னும் பெயரில்லை.