பிட்டொரன்ட் தடுப்பு

பிட்டொரன்ட் தடுப்பு என்பது, பிட்டொரன்ட் என்னும் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் தரவோட்டத்தை இனங்கண்டு நிறுத்தும் ஃபயர்வால் முறையாகும். 2001-இல் பிராம் கோஹென் உருவாக்கிய இந்நெறிமுறை தொடக்கத்தில் 6881 முதல் 6889 வரையிலான போர்ட்டுகளை, அதாவது கணினிக்கு வரும் தரவு எந்த மென்பொருளுக்கு உரியது எனக் காட்டும் எண்களை, பெரிதும் பயன்படுத்தியதால், அவற்றை மூடுவதே போதுமானதாக இருந்தது; மென்பொருள்கள் வேறு எண்களுக்கு மாறத் தொடங்கியதும் அம்முறை பயனிழந்தது.

எனவே செயலியறி ஃபயர்வால், அதாவது தரவு எந்தச் செயலியுடையது என அறியும் ஃபயர்வால், தரவுப் பொதியின் முகவரிப் பகுதியோடு அதன் உள்ளடக்கத்தையும் ஆராய்கிறது. பிட்டொரன்ட் இணைப்பின் முதல் செய்தி, 19 என்னும் மதிப்புடைய பைட்டில் தொடங்கி, இடைவெளி உட்பட 19 எழுத்துகளாலான நெறிமுறைப் பெயரைத் தாங்கி வருவதால் எளிதில் பிடிபடுகிறது. பின்னர் வந்த குறியாக்கம் இவ்வடையாளத்தை மறைத்துவிடுவதால், ஒரே கணினி குறுகிய நேரத்தில் பற்பல முகவரிகளுடன் இணைவது போன்ற நடத்தைக் கூறுகளும் கணக்கில் கொள்ளப்படுகின்றன.

அமெரிக்காவின் இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்ட், இணைப்பை முறிக்கும் போலிப் பொதிகளை அனுப்பி பிட்டொரன்ட் இணைப்புகளைத் துண்டித்து வந்தது 2007-இல் வெளிப்பட்டது; 2008-இல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அதற்கு எதிராகப் பிறப்பித்த ஆணையை 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களும் இவ்வழியே விநியோகிக்கப்படுவதால், முழுத் தடைக்கு மாற்றாக வேகக் கட்டுப்பாடும் கையாளப்படுகிறது.