கடலில் இறங்கிய ஜீப்புகள்

2015 டிசம்பர் வெள்ளத்தில், முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று காரை ஓட்டி, இன்ஜினைப் பறிகொடுத்தவன் நான். அதன்பிறகு தேடிப் படித்த வரலாறு இது.

1944 ஜூன் 6. பிரான்சின் நார்மண்டிக் கடற்கரை. நேச நாட்டுப் படைகளின் ஜீப்புகளும் லாரிகளும் கப்பலிலிருந்து கடலில் இறங்கிக் கரையேற வேண்டும். இன்ஜினுக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே மின் இணைப்புகளைப் பசைபோன்ற கலவையால் பூசி அடைத்தார்கள். காற்றுக் குழாயையும் புகைக் குழாயையும் நீர்மட்டத்துக்கு மேலே நீட்டினார்கள். கரையேறியதும் அடைப்புகளை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் சூடேறிவிடும்.

நடுவில் நின்றுபோன வண்டிகளை இழுக்க, ஷெர்மன் டாங்கியை மாற்றியமைத்து பிரிட்டிஷ் ராணுவம் ஒரு மீட்பு வண்டி செய்திருந்தது. சுமார் 9 அடி ஆழத்திலும் அது வேலை செய்யும்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் கடல் கட்டுப்படவில்லை. ஓமஹா கடற்கரைக்கு வெளியே, கித்தான் திரை கட்டி மிதக்கவிட்ட ஓர் அமெரிக்கப் படைப்பிரிவின் 29 டாங்கிகளில் 27 மூழ்கின. அன்றைய அலையை அந்தத் திரை தாங்கவில்லை. உள்ளே இருந்தவர்களில் சிலர் மீளவேயில்லை.

மாதக்கணக்கில் தயாரானவர்களுக்கே அந்த நிலை. நம் வண்டிகளுக்கு எந்தத் தயாரிப்பும் கிடையாது. மழை எச்சரிக்கை வந்தால் அடித்தளத்திலிருந்து வண்டியை முதலிலேயே மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். நீரில் மூழ்கி நின்ற வண்டியின் சாவியை மட்டும் தயவுசெய்து திருப்பாதீர்கள், மெக்கானிக்கை அழையுங்கள்.