ஒப்பந்தச் சொற்களுக்குப் பொருள் காண்பது எப்படி? ஜாதவ் வழக்கு காட்டும் விதிமுறைகள்

நாடுகளிடையே ஓர் ஒப்பந்தத்தின் பொருள் குறித்துக் கருத்து வேறுபாடு எழும்போது, அதன் சொற்களை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதற்கு வரையறுக்கப்பட்ட விதிகள் உள்ளன. பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியக் கடற்படை முன்னாள் அதிகாரி குல்பூஷண் ஜாதவ் தொடர்பான வழக்கில், தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2019 ஜூலை 17-ஆம் தேதி அளித்த தீர்ப்பு இதற்குத் தெளிவான சான்றாகும்.

அடிப்படை விதிகள்

ஒப்பந்தங்களின் சட்டம் குறித்த 1969-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தின் சொற்களுக்கு அவற்றின் இயல்பான பொருளையே நல்லெண்ணத்துடன் கொள்ள வேண்டும். சூழமைவையும் ஒப்பந்தத்தின் நோக்கத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். அவ்வாறு கண்ட பொருளை உறுதிப்படுத்தவோ, தெளிவின்மையை நீக்கவோ வரைவுக்கால விவாதங்களை ஆராய 32-ஆவது பிரிவு இடமளிக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் இவ்வுடன்படிக்கையில் உறுப்பினர்கள் அல்ல. எனினும், இவ்விதிகள் வழக்காற்றுச் சர்வதேசச் சட்டமாக ஏற்கப்பட்டிருப்பதால் இரு நாடுகளுக்கும் பொருந்தும்.

உளவுக்கு விதிவிலக்கு உண்டா?

வெளிநாட்டில் கைதானவரைச் சந்திக்க அவரது நாட்டின் தூதரக அதிகாரிகளுக்குள்ள உரிமையை, தூதரக உறவுகள் குறித்த 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு வரையறுக்கிறது. உளவுக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இது பொருந்தாது என்று பாகிஸ்தான் வாதிட்டது. உடன்படிக்கையின் எந்தப் பிரிவிலும் உளவு பற்றிய குறிப்பு இல்லை என்று சுட்டிக்காட்டிய நீதிமன்றம், வரைவுக்கால விவாதங்களையும் ஆராய்ந்து அவ்வாதத்தை நிராகரித்தது.

பாதுகாப்புக் காரணங்களுக்கான கைதுகளைத் தகுதி அடிப்படையில் பரிசீலிக்கலாம் என்ற 2008-ஆம் ஆண்டு இருதரப்பு ஒப்பந்தத்தையும் பாகிஸ்தான் முன்வைத்தது. பிற்கால ஒப்பந்தங்கள் 1963-ஆம் ஆண்டு உடன்படிக்கையை உறுதிப்படுத்தலாம், விரிவாக்கலாம் என்றே அதன் 73-ஆவது பிரிவு கூறுகிறது. எனவே, 2008 ஒப்பந்தம் அந்த உரிமையைக் குறைக்காது என்று நீதிமன்றம் விளக்கமளித்தது.

'தாமதமின்றி' என்பதன் பொருள்

2016 மார்ச் 3-ஆம் தேதி ஜாதவ் கைது செய்யப்பட்டதை மார்ச் 25-ஆம் தேதியே பாகிஸ்தான் தெரிவித்தது. ஏறத்தாழ மூன்று வார இடைவெளி, 'தாமதமின்றி' தெரிவிக்க வேண்டும் என்ற கடமைக்கு முரணானது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

மொழிகள் வேறுபட்டால்?

சமமான செல்லுபடி கொண்ட இரு மொழி வாசகங்கள் வேறுபட்டால், நோக்கத்துக்கு ஏற்ப இரண்டையும் இணக்கப்படுத்தும் பொருளைக் கொள்ள வேண்டும் என்கிறது 1969 உடன்படிக்கையின் 33-ஆவது பிரிவு. 1999-இல் சர்வதேச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவையும் மீறி, ஜெர்மானியரான வால்டர் லாகிராண்டுக்கு அமெரிக்காவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நீதிமன்றச் சட்டத்தின் ஆங்கில வாசகம் அறிவுரை போலவும், பிரெஞ்சு வாசகம் கட்டளை போலவும் அமைந்திருந்ததே அவ்வழக்கில் எழுந்த சிக்கல். இடைக்கால உத்தரவுகள் கட்டுப்படுத்தும் தன்மை கொண்டவை என்று 2001-இல் தீர்ப்பளிக்கப்பட்டது. ஜாதவின் தண்டனையை நிறுத்திவைக்குமாறு 2017 மே 18-ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட உத்தரவு பாகிஸ்தானைக் கட்டுப்படுத்தியது இதன் அடிப்படையிலேயே.

தீர்ப்பின் எல்லை

பாகிஸ்தான் 36-ஆவது பிரிவை மீறியதாக 15 நீதிபதிகள் ஒருமித்துக் கூறினர். ஒருவர் மட்டும் மாறுபட்டார். அதேவேளையில், தண்டனையை ரத்து செய்து ஜாதவை விடுவிக்க வேண்டும் என்ற இந்தியாவின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. உடன்படிக்கையை மீறிய செயல் தூதரகத் தொடர்பை மறுத்ததே தவிர, தண்டனை அன்று என்பது அதற்கான காரணம். தண்டனையை மறுஆய்வு செய்யவும், அதுவரை நிறைவேற்றாமல் இருக்கவும் உத்தரவிடப்பட்டது. ஒப்பந்தத்தில் இல்லாத விதிவிலக்கைப் பாகிஸ்தானுக்கு அளிக்க மறுத்த அதே வாசிப்பு முறை, அதில் இல்லாத நிவாரணத்தை இந்தியாவுக்கும் அளிக்கவில்லை.