தன் விலாசத்தை மறந்த கணனி

பழைய யுனிக்ஸ் கணனிகளைப் பிடித்த ஒரு வினோத நோயைப் பற்றி இம்மாதம் சொல்கிறேன்.

1982 இல் தொடங்கிய சன் நிறுவனத்தின் பெயர், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக வலையமைப்பின் முதலெழுத்துக்களிலிருந்து வந்தது. 1989 இல் அது வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 1 கணனியின் ஈதர்நெட் விலாசம் தாய்ப்பலகையில் ஒரு சிறு சிப்பில் இருந்தது. பற்றரியையும் அதற்குள்ளேயே வைத்து மூடிவிட்டார்கள். இது எனக்கு இன்றைக்கும் விளங்காத துணிச்சல்!

பத்து வருடமளவில் பற்றரி செத்துவிடும். பிறகு கணனியைப் போட்டால் விலாசத்தின் இடத்தில் வெறும் 'எஃப்' எழுத்துக்கள். வலையமைப்பில் அதற்கு "எல்லோருக்கும்" என்று அர்த்தம். தனியொரு கணனி அதை வைத்துக்கொள்ள இயலாது. கேபிளை மாற்றியும் அட்டையை மாற்றியும் பயனில்லை. கணனியின் அடையாள எண்ணும் போய்விடும். அந்த எண்ணுக்கென உரிமம் பெற்ற மென்பொருள் ஓடாது. கோப்புகள் வட்டில் பத்திரமாகவே இருக்கும், திறக்கத்தான் வழியிராது.

2010 இல் சன்னை ஓரக்கிள் வாங்கிவிட்டது. பழைய கணனிப் பிரியர்கள் சிப்பின் மேற்பகுதியை அறுத்து, வெளியே 3 வோல்ட் பற்றரியைப் பற்றவைக்கிறார்கள். பிறகு பழைய எண்ணைக் கையாலேயே அடித்துக் கொடுக்க வேண்டும், யாராவது எங்காவது அதைக் குறித்து வைத்திருந்தால்.