குவாந்தான் கிண்ணமும் ஜெலுத்தோங் தட்டும்



ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடுகளைக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். துணி காயும் கம்பிகளுக்கு நடுவே சின்னச் சின்னத் தட்டுகள் தெரியும். மழை வந்து படம் மறைந்ததும், "தட்டை யாருடா ஆட்டுனது?" என்று ஒரு குரல் எழும். சிறு வயதில் எங்கள் வீட்டில் அந்தப் பழி என்மேல்தான் விழும். இன்று அதற்குப் பதில் சொல்கிறேன்.

துணைக்கோளம் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் அலை மிக மெலிந்தது. பரவளையக் கிண்ணத்துக்கு ஒரு குணம் உண்டு. நேர் எதிரே வரும் அலை அதன் எந்த இடத்தில் பட்டாலும் ஒரே புள்ளிக்குத் திரும்பும். தட்டின் முன்னே நீண்டிருக்கும் கைநுனியில் உள்ள வாங்கி, அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. 1888-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ், துத்தநாகத் தகட்டை இப்படி வளைத்துத்தான் வானொலி அலைகளைக் குவித்துக் காட்டினார்.

நம் நாட்டின் முதல் துணைக்கோளத் தரை நிலையம் 1970-இல் குவாந்தானில் அமைந்தது. அக்காலத் துணைக்கோளங்களுக்குச் சக்தி குறைவு. அதனால் அனைத்துலக நிலையங்களின் கிண்ணங்கள் ஏறக்குறைய 30 மீட்டர் அகலத்தில் இருந்தன. அவை நாட்டுக்கான கருவிகள், வீட்டுக்கானவை அல்ல. 1996-க்கு முன் பொதுமக்கள் வீட்டில் தட்டு வைக்க அனுமதியும் இல்லை.

1996 ஜனவரியில் மியாசாட்-1 ஏவப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு தொடங்கியது. தமிழுக்கென்றே வானவில் அலைவரிசை வந்தது. துணைக்கோளத்தின் சக்தி கூடியது. அலைநீளமும் சுமார் இரண்டரை சென்டிமீட்டராகச் சுருங்கியது. அலை குறுகினால் சின்னக் கிண்ணமே அதை நன்றாகக் குவிக்கும். 60 சென்டிமீட்டர் தட்டு போதுமென்றானது.

ஆனால் குறுகிய அலையைக் கனமழைத் துளிகள் உறிஞ்சும், சிதறடிக்கும். நீண்ட அலை மழையைத் தாண்டி வரும். அதற்கோ பெரிய கிண்ணம் வேண்டும். அடுக்குமாடியில் அதற்கு இடமேது? சின்னத் தட்டுக்கு நாம் கொடுக்கும் விலைதான் மழைநேர இருட்டு.

பழி முழுவதையும் மழைமேல் போட மாட்டேன். ஈரத்துணியின் பாரத்தில் தட்டு இரண்டு மூன்று பாகை சாய்ந்தாலே படம் போய்விடும். மழை விட்டும் படம் வராவிட்டால் தட்டைப் பாருங்கள். மழைக்குள் மட்டும் சன்னலுக்கு வெளியே எட்டித் தட்டைத் திருப்பாதீர்கள். துணைக்கோளம் இடம் மாறவில்லை. 2022-இல் ஏவப்பட்ட மியாசாட்-3டி-யும் அதே 91.5 பாகை கிழக்கில்தான் நிற்கிறது. மழை விடும், படம் வரும். கைதவறிக் கீழே விழுந்தவர் திரும்ப வரமாட்டார்.